ஒட்டடையில் தங்கிய பேச்சு

செம்மேட்டுப்பாளையத்தில் தறிகள் ஓடாத நாளென்று மாதத்துக்கு ஒன்றுதான் உண்டு, கம்பி வேலைக்காகக் கரண்டை நிறுத்தி வைக்கும் நாள், அந்த ஒரு நாளில்தான் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக் கோழி கொக்கரிப்பதையும் அடுத்த வீட்டுக்காரர் இருமுவதையும் கேட்பார்கள், மற்ற நாளெல்லாம் தறிக் குடோன்களின் கடகடப்பு ஊர் மேல் தகரக் கூரை மாதிரிக் கவிந்திருக்கும், அதற்கு அடியில் இருந்துகொண்டுதான் பெண் கேட்பார்கள், பிள்ளை பெறுவார்கள், சண்டை போடுவார்கள், செத்தும் போவார்கள். அப்படிக் கரண்ட் இல்லாத ஒரு மார்கழி நாளில், பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்னால் வீட்டைச் சுத்தம் பண்ண வேண்டுமென்று, கிழக்கு வீதி ராமாத்தாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்று, சமையலறை மூலையில் புகையும் பஞ்சுத் தூசியும் ஏறிக் கறுத்துத் தொங்கிய ஒட்டடையைக் குச்சியால் ஒரு இழுப்பு இழுத்தபோது, எப்போதோ செத்துப்போன அவளுடைய மாமனார், "வெள்ளாட்டைப் புடிச்சுக் கட்டுனயா அம்மிணி?" என்று கேட்டார்.

"கட்டிட்டேனுங் மாமா," என்றாள் ராமாத்தாள், அடுத்த மூலைக்கு ஸ்டூலை நகர்த்தப் போனாள்.

ஸ்டூலிலிருந்து இறங்கும்போதுதான் வீட்டில் இப்போது ஆடே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க ஒட்டடை அடிக்கும் வீடுகளிலெல்லாம் பேச்சுக் கேட்டது. செத்தவர்கள் உப்புப் பத்தவில்லை என்றார்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் போய் வருகிறோம் என்றார்கள், கல்யாணமாகிப் போன பெண்கள் சின்ன வயசுக் குரலில் வாய்ப்பாடு சொன்னார்கள். யாரும் மந்திரவாதியைக் கூப்பிடவில்லை, யாரும் மயங்கி விழவும் இல்லை. இத்தனை வருஷம் தறிச் சத்தத்துக்குள் கத்திக் கத்திப் பேசியிருக்கிறோமே, அதெல்லாம் எங்காவது போய் ஒட்டிக்கொண்டுதானே இருக்க வேண்டும் என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஒன்றே ஒன்றுதான் எல்லோரையும் வருத்தியது. வலை அறுபடும்போது ஒரே ஒரு தடவைதான் பேசும். அறுந்த ஒட்டடையை எடுத்துக் காதில் வைத்துக் குலுக்கினாலும், விளக்கு ஏற்றி வைத்துக் கும்பிட்டாலும், திரும்ப ஒரு எழுத்து வராது.

சாயங்காலம் கூட்டமாக எல்லோரும் மெடிக்கல் ஷாப் நாச்சிமுத்துவைத் தேடி வந்தார்கள். ஊரில் பூச்சிக்காரர்கள் என்று மூன்று பேர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் குளத்துக்கரைக்குப் போய்ச் செடிக்குச் செடி குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜெசிந்தா டீச்சர் பட்டாம்பூச்சி பார்ப்பார். எலக்ட்ரிக் கடை சாதிக் பாய் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் முன்னால் பல்பை எரியவிட்டு, வந்து உட்காரும் அந்துப்பூச்சிகளைப் பார்ப்பார். நாச்சிமுத்து சிலந்தி. ஐம்பத்தாறு வயது மனுஷர் எட்டுக்கால் பூச்சிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இத்தனை நாள் சிரித்த ஊர், இப்போது கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது.

"ஏனுங், எந்தப் பூச்சி பின்னுன வலைல பேச்சு நிக்கும்?"

"வட்டமாப் பின்னறவ நிக்க வெக்க மாட்டா," என்றார் நாச்சிமுத்து. தன்னை ஒருவர் கேட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அவ தன்ற வலையத் தானே தின்னுட்டு மறுபடி புதுசாப் பின்னுவா. பேச்சும் சேந்து வயித்துக்குள்ள போயிரும். வீட்டு மூலைல இருக்குமே, நெட்டைக்கால், ஊதுனா நடுங்குமே, அதுதான். அது எதையும் அவுக்காது. பழசு மேலயே புதுசப் போட்டுக்கிட்டே போகும்..."

அங்கேயே பேச்சு நின்றுவிட்டது. கூட்டம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கல்லாவைப் பூட்டாமல், கடையைச் சாத்தாமல், வீட்டைப் பார்த்து நடந்தார்.

அவருடைய மனைவி வசந்தாமணி ஐப்பசி மழையில் செத்துப்போயிருந்தாள். வயிற்றில் கட்டி என்று ஆரம்பித்தது, மழை விடுவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளை இல்லாத வீடு. நாச்சிமுத்து கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், கூடத்தின் நான்கு மூலையையும், சமையலறையையும், பரணையும், சாமி படங்களின் முதுகையும், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கையும் பார்த்தார். கழுவி ஊற்றின குண்டா மாதிரி வீடு சுத்தமாக இருந்தது.

இருக்கத்தானே செய்யும். கல்யாணம் ஆன புதிதில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடந்த ஒரே பெரிய சண்டை ஒட்டடையைப் பற்றித்தான். அதன் முடிவில் ஓர் ஒப்பந்தம் ஆனது. வீடு வசந்தாமணியுடையது, அங்கே ஒரு நூல் தொங்கக்கூடாது, வெள்ளிக்கிழமைதோறும் அவள் அடித்துத் தள்ளுவாள், அதற்கு முன்னால் அவர் சிலந்திகளை டம்ளரில் பிடித்து வெளியே விட்டுவிடலாம். கொல்லையில் இருக்கும் விறகுக் கொட்டாய் நாச்சிமுத்துவுடையது, அங்கே அவள் குச்சியோடு வரக்கூடாது, யாரும் பேசவும் கூடாது, பேசினால் வலை அதிரும். காப்பி கொண்டு வந்தால் வாசற்படியில் வைத்து டம்ளர் விளிம்பில் மோதிரத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். முப்பது வருஷத்தில் யாரும் வாக்கு மீறி அவர் பார்த்ததில்லை. அவள் போன பிறகு, துக்க வீடு என்று அவளுடைய தங்கைமார் வந்து, மிச்சம் மீதி இருந்ததையும் அடித்துக் கழுவிவிட்டுப் போனார்கள்.

சிலந்தியைத் தெரிந்த ஒரே ஆளுடைய வீட்டில் மட்டும் ஒரு முழம் ஒட்டடை இல்லை.

அவருக்கு உண்மையில் பயம் வேறு ஒன்று. அவளுடைய குரல் மறந்துகொண்டிருந்தது. அவள் என்ன சொன்னாள் என்பது தெரியும், எப்போது சொன்னாள் என்பதும் தெரியும், ஆனால் அந்த வார்த்தைகள் நினைவில் வரும்போது அவருடைய சொந்தக் குரலில் வந்தன. கண்ணை மூடி "ஏனுங்" என்று அவள் கூப்பிடுவதை நினைத்துப் பார்ப்பார், அது தடித்து, கரகரத்து, ஓர் ஆண்பிள்ளையின் கூப்பாடாக வரும். ஒரு மனுஷியோடு அத்தனை வருஷம் இருந்துவிட்டு, அவளுடைய குரலை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் நிற்கிறோமே, அப்படியென்றால் நாம் அவளைக் கேட்டிருக்கிறோமா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கரையில் ஜெசிந்தா டீச்சர்தான் கேட்டார், "சார், போன்ல எங்கயாவது இருக்குமே, பாத்தீங்களா?"

போனில் இருந்ததெல்லாம் சிலந்தி. சட்டை உரிக்கிற சிலந்தி, முட்டையைச் சுமக்கிற சிலந்தி, ஈயைச் சுற்றிக் கட்டுகிற சிலந்தி. மூன்று பேரும் வேலமரத்தடியில் உட்கார்ந்து, குளத்துக்கரை வரைக்கும் வந்து எட்டுகிற தறிச் சத்தத்துக்குக் கையைக் குவித்து மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார்கள். எல்லாவற்றிலும் எங்கோ ஓரிடத்தில் கதவு திறக்கும் ஓசை வரும், வளையல் லேசாக உரசும், உடனே நாச்சிமுத்துவின் "ஷ்ஷ்" வரும். பிறகு ஒன்றும் இருக்காது. அடுத்ததிலும் வளையல், அடுத்ததிலும் "ஷ்ஷ்".

சாதிக் பாய் முதலில் சிரித்தார். "யோவ் நாச்சி, நீ சிலந்திய எடுத்திருக்கியா, சம்சாரத்த அதட்டுனத எடுத்திருக்கியா?" என்றார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஒன்றில் மட்டும் ஜெசிந்தா டீச்சர் நிறுத்தச் சொன்னார். "திரும்பப் போடுங்க. இங்க அக்கா இருக்காங்க."

திரும்பப் போட்டார்கள். வளையலுக்கும் "ஷ்ஷ்"க்கும் நடுவில், பேச வாயெடுக்கும் ஒருத்தி உள்ளே இழுக்கிற மூச்சு இருந்தது. அவ்வளவுதான். நாச்சிமுத்து அந்த மூச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார், வெயில் ஏறி, டீச்சரின் பட்டாம்பூச்சிகள் குளத்து ஈர மண்ணில் வந்து உட்கார்ந்து எழுந்து போன பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊர் இதற்குள் பழகிவிட்டது. மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டு, இனிமேல் கரண்ட் இல்லாத நாளில் மட்டும்தான் ஒட்டடையைத் தொடலாம், மற்ற நாளில் தொட்டால் தறிச் சத்தத்தில் பேச்சு வீணாகப் போகும் என்று முடிவு பண்ணினார்கள். அதுவரைக்கும் ஒட்டடைக் குச்சிகளைக் கோயில் மடப்பள்ளியில் கொண்டுபோய்ச் சாத்தி வைத்தார்கள். பொங்கலுக்கு யாரும் வெள்ளையடிக்கவில்லை. மூலையெல்லாம் கறுத்துத் தொங்கும் வீடுகளுக்குப் புது மரியாதை வந்தது, பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்கள், கான்கிரீட் வீடு கட்டி வழவழவென்று பெயிண்ட் அடித்தவர்களைப் பார்த்து ஊர் உச்சுக்கொட்டியது. கிணறு யாருக்கு என்று காலங்காலமாகச் சண்டை போட்ட அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்பனுடைய வாய்மொழியைக் கேட்டுத் தீர்த்துக்கொள்வதென்று, சாட்சிக்குப் பத்துப் பேரைக் கூட்டிவைத்து ஒட்டடையை அறுத்தார்கள். அப்பன் ஒரு மூலையில் கிணற்றை மூத்தவனுக்குக் கொடுத்திருந்தார், இன்னொரு மூலையில் இளையவனுக்குக் கொடுத்திருந்தார், வாசல் பக்கத்து மூலையில் ஆட்டு வியாபாரி ஒருவருக்கும் கொடுத்திருந்தார். சில கிழவர்கள் பின்னால் உதவும் என்று இப்போதே மூலையைப் பார்த்துப் பேசிப் பழகினார்கள். "நான் போனப்பறம் கேளுங்கடா, அப்பத் தெரியும் என்ற அருமை," என்று உத்தரத்தைப் பார்த்துத் திட்டினார்கள். மருமகள்கள் அந்த மூலைகளைத் திருட்டுத்தனமாக ஊதிவிட்டார்கள்.

நாச்சிமுத்துவுக்கு மூலை இல்லை, அதனால் அடுத்தவர்கள் மூலையைத் தேடிப் போனார். தை மாசம் கரண்ட் இல்லாத நாளில், வசந்தாமணி எங்கெல்லாம் போய் நின்றிருப்பாள், எங்கெல்லாம் வாய் திறந்திருப்பாள் என்று யோசித்து யோசித்து, விடிந்ததிலிருந்து நடந்தார். மாவு மில்லில் மூலையைக் கேட்டார், கொடுத்தார்கள், சிலந்தியை ஏற்றி எடுக்கிற சின்ன பிரஷின் காம்பால் மெல்ல அறுத்தார். "அடுத்த டப்பா யாருது, யாருது" என்றது மில். ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்றது. அவள் சின்ன வயசில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிய பழைய குடோனில் தறிச் சத்தம் மட்டும் வண்டி வண்டியாகக் கொட்டியது. அவளுடைய தங்கை வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில், பஸ் ஸ்டாண்டு நிழற்குடையில், எங்கும் யார் யாரோ சத்தியம் பண்ணினார்கள், இருமினார்கள், பஸ் எத்தனை மணிக்கு என்றார்கள். அவளைத் தவிர ஊரில் எல்லோரும் பேசினார்கள். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்து, மறுபடி தகரக் கூரை கவிந்தபோது, அவர் பஸ் ஸ்டாண்டில் தலைமுடியெல்லாம் நூலாம்படையோடு நின்றுகொண்டிருந்தார்.

மாசியில் கரண்ட் இல்லாத நாளில் அவர் பக்கத்து வீட்டுச் சுலோச்சனாவிடம் போய் நின்றார். அவர்களுடைய கொல்லைக்கும் இவருடைய கொட்டாய்க்கும் நடுவில் ஒரே சுவர். வசந்தாமணி கடைசி மாசங்களில், வயிறு வலிக்க ஆரம்பித்ததிலிருந்து, தனியாக இருக்க முடியாமல் சுலோச்சனா வீட்டு கிரைண்டர் பக்கத்தில் போய்த்தான் உட்கார்ந்திருப்பாள். அந்த கிரைண்டருக்கு மேலே ஒரு வலை இருப்பதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்திருந்தார்.

சுலோச்சனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ஒரே பெண் தன்ஷிகா, ஆறு வயசில், மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டது. ஊரே ஒட்டடை அறுத்த நாளிலெல்லாம் சுலோச்சனா ஒரு மூலையையும் தொடவில்லை. கேட்டுவிட்டால் தீர்ந்துபோகும் என்று அப்படியே வைத்துக்கொண்டு, கீழே பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. இது எங்க பாப்பா..."

"அம்மிணி, நான் சொல்றேன் கேளு. மத்த மூலையத் தொட மாட்டேன். இது புது வலை. நூல்ல பளபளப்பு இருக்குது பாரு. போன ஆடிக்கு மேல பின்னுனது. பாப்பா காலத்துல இது இல்லவே இல்ல. இதுல இருந்தா என்ற ஊட்டுக்காரிதான் இருப்பா."

முப்பது வருஷம் சிலந்தி பார்த்தவர் சொல்கிறார். அவள் வலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அக்கா பேசுனா என்னையக் கூப்புடுங்," என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடக் கொல்லைக்குப் போனாள்.

அவர் ஸ்டூலில் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிரஷ் காம்பை வலைக்குள் விட்டுத் திருகினார். நூல்கள் அறுந்தன. முதலில் கொஞ்சம் தறிச் சத்தம் உதிர்ந்தது. பிறகு ஒரு குழந்தை, தூக்கம் கலையாத குரலில், "அம்மா, எனக்குத் தோசைல சக்கரை போட்டு..." என்று சொல்லி நின்றுவிட்டது.

ஒரு நெட்டைக்கால் செத்துப்போனால் இன்னொன்று வந்து அந்தப் பழைய நூல் மேலேயே புது நூலை இழுக்கும். மேலே பளபளப்பாக இருந்தாலும் அடியில் பழசு இருக்கும். இதை அவரேதான் குளத்துக்கரையில் மற்ற இரண்டு பேருக்கும் சொல்லியிருந்தார், மார்கழியில் கடை வாசலில் நின்ற ஊருக்கும் சொல்லியிருந்தார். தெரிந்த ஒன்று அந்த நேரத்தில் எங்கே போனது? மறந்துவிட்டாரா, இல்லை, மறக்க வேண்டும் என்று மறந்தாரா? ஸ்டூல் மேல் நின்றபடியே அவர் அதைக் கேட்டுக்கொண்டார், அதற்குள் சுலோச்சனா ஈரத் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து நின்றாள். கடைசிச் சொல்லின் வால் மட்டும்தான் அவள் காதில் விழுந்திருந்தது.

"என்னங்ணா சொன்னா?"

"தோசைல... சக்கரை போட்டுன்னு."

"ஆமா. அவ அப்படித்தான் கேப்பா." சுலோச்சனா அறுந்து தொங்கிய நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ சொன்ன மாதிரியே சொல்லுங்ணா."

"அம்மிணி..."

"நீங்கதான கேட்டீங்க. அவ சொன்ன மாதிரியே ஒருக்காச் சொல்லுங்."

அவர் சொல்லிப் பார்த்தார். "அம்மா, எனக்கு," என்று ஆரம்பித்தார். தடித்து, கரகரத்து, ஓர் ஆண்பிள்ளையின் கூப்பாடாக வந்தது. அவள் திட்டவில்லை, அழவில்லை, அவர் ஸ்டூலைவிட்டு இறங்கும்வரை காத்திருந்து, வெளியே போனதும் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் செம்மேட்டுப்பாளையத்தில் எந்த வீட்டு மூலையும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் தெருவில் வந்தால் ஜன்னல்களைச் சாத்தினார்கள். "கை வெச்சா நம்ம ஊட்டுச் செத்தவங்களையும் சேத்து முடிச்சுருவாரு," என்றாள் ராமாத்தாள். மருந்து வாங்க வருகிறவர்கள் சீட்டை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் குளத்துக்கரைக்குப் போகவில்லை. சாதிக் பாய் வந்து வாசலில் நின்று, "வாய்யா, ரெண்டு எறும்பையாவது பாத்துட்டு வரலாம்," என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பங்குனியில் கரண்ட் போன நாளன்று நாச்சிமுத்து கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஊர் அமைதியாக இருந்தது, தெருவில் அங்கங்கே செத்தவர்கள் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தார்கள், அந்த அமைதிக்குள் உட்கார்ந்து தன்னால் இனி அவளுடைய பெயரைத் தவிர எதையும் நினைவுக்குக் கொண்டுவர முடியாது என்பதைப் புரிந்துகொண்டிருந்தார். வெயில் சாயும் நேரத்தில் சுலோச்சனா வந்து வாசலில் நின்றாள்.

"உங்க கொட்டாயத் தொறங்ணா."

"அங்க ஒண்ணும் இல்ல அம்மிணி. அங்க யாரும் பேசுனதே இல்ல."

"நீங்க இருக்கைல பேசுனதில்ல," என்றாள் சுலோச்சனா. "நீங்க கடைக்குப் போனதும் அக்கா எங்க பாப்பாவக் கூட்டிட்டு அங்கதான் போயி உக்காரும். பாப்பாவுக்கு உங்க பூச்சிய அத்தன புடிக்கும். உங்ககிட்டச் சொல்லப்புடாதுன்னு அக்கா எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. நான் செவத்துக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வெளக்கிட்டே இருப்பேன், தறிச் சத்தத்துல என்ன பேசறாங்கன்னு ஒண்ணும் வெளங்காது. பேசறாங்கன்னு மட்டும் தெரியும்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"போன மாசமே சொல்லியிருப்பேன். உங்க மேல ஆத்தரம். இன்னிக்கும் காலைல இருந்து எங்க ஊட்டு வாசல்லயே நின்னுட்டுத்தான் இருந்தேன். நானே போயி அறுத்தா ஒரே இழுப்புல எல்லாம் சேந்து கொட்டிப் போயிரும். எந்த நூல மொதல்ல அறுக்கோணும்னு உங்களுக்குத்தான தெரியும்."

கொட்டாயின் பின் உத்தரத்தில், பழைய தட்டுக்கூடைக்கு மேலே, அந்த வலை அடுக்கடுக்காகத் தொங்கியது. எத்தனையோ தலைமுறை நெட்டைக்கால்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்துக் கட்டியது, அவர் வருஷக்கணக்காகக் காவல் காத்தது. தன்னுடைய மௌனம் மட்டும்தான் அதில் இருக்கிறது என்று நினைத்து, இந்த மூன்று மாசமும் அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் ஒருத்தி முட்டைக் கொத்தை வாயில் கவ்விக்கொண்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளை பிரஷில் ஏற்றிக்கொண்டுபோய் வேறொரு கட்டையில் விட்டார். பிறகு மாத்திரை அட்டை வெட்டும் கத்தரியை எடுத்தார். ஓரத்து நூலிலிருந்து, ஒன்று முடிந்தபின் ஒன்றாக, உள்ளே போக வேண்டும். கையை மேலே தூக்கினார். சுலோச்சனா அவருடைய முழங்கையைத் தன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிம்மா, இதுக்கு எத்தன காலு?" என்றது தன்ஷிகா.

சுலோச்சனா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நான் எண்ணறேன். ஒண்ணு, ரெண்டு, இது ஆட்டிக்கிட்டே இருக்குது பெரிம்மா, இரு, மறுபடி எண்ணறேன். எட்டு!"

"ம்."

நாச்சிமுத்துவின் கத்தரி நின்றது.

"இது தூங்குமா?"

"ம்."

"கண்ணத் தொறந்துக்கிட்டேவா?"

"ம்ம்."

மூக்கில் ஆரம்பித்துத் தொண்டைக்கு இறங்கி, கடைசியில் லேசாக மேலே தூக்கி விடுகிற "ம்". அவர் அதை அந்தக் கணமே அடையாளம் கண்டுகொண்டார். சிலந்தி எப்படி நூலைச் சுரக்கிறது என்று சாப்பிட உட்கார்ந்து அவர் சொல்லும்போது கேட்ட "ம்", கடையில் என்ன நடந்தது என்று சொல்லும்போது கேட்ட "ம்", வலிக்கிறதா என்று கடைசியில் ஆஸ்பத்திரியில் கேட்டபோது வந்த "ம்". முப்பது வருஷம் அவர் காதில் விழுந்தது பெரும்பாலும் இதுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியைக் கண்டுபிடிக்க முடியுமா என்றால் முடியும் என்று தோன்றியது, போதுமா என்றால் போதவில்லை.

அவர் ஒவ்வொரு நூலாக அறுத்தார். குழந்தை கேட்டுக்கொண்டே போனது. சிலந்திக்குப் பல் உண்டா, அதுக்கு அம்மா உண்டா, அதுக்குக் காய்ச்சல் வருமா, வந்தால் ஊசி எங்கே போடுவார்கள், எட்டுக் காலுக்கும் எட்டுச் செருப்பு வாங்க வேண்டுமா. வசந்தாமணி "ம்" என்றாள், "ம்ம்" என்றாள், செருப்புக்கு ஒரு தடவை மூக்கால் சிரித்தாள். சுலோச்சனா கண்ணை மூடிக்கொண்டு, பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சொல்லைத் தொலைத்தவர், ஒரு குழந்தையின் முழு வாயாடித்தனத்தையும் நூல் நூலாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தனக்கு வந்ததையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி உள்ளே வைத்துக்கொண்டார். மேற்கே வெயில் இறங்கியது. வலையில் கடைசியாக, உத்தரத்தோடு ஒட்டிய ஒரு கொத்து நூல்தான் மிச்சம் இருந்தது.

அவர் சுலோச்சனாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அந்தக் கொத்தில் வைத்துக் கத்தரியை மூடினார்.

"பெரிம்மா, இங்க எதுக்குப் பேசப்புடாதுன்னு பெரிப்பா சொல்றாரு?"

"அதுவா கண்ணு," என்றாள் வசந்தாமணி, முழுக் குரலில், சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த குரலில், "உங்க பெரிப்பா இருக்காரே, அவரு..."

கரண்ட் வந்துவிட்டது. ஐந்து மணிக்கு வரவேண்டியது முன்னாலேயே வந்துவிட்டது. ஸ்விட்சை அணைக்காமலே காத்திருந்த தறிகள் நான்கு பக்கமும் ஒரே சமயத்தில் எழுந்து, கொட்டாயின் ஓடுகள் அதிர, ஊர் மேல் கவிந்தன. அறுந்த நூல் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது, அதன் நுனி நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. நாச்சிமுத்து கத்தரியைப் போட்டுவிட்டு, கூடையை உதைத்துக் கவிழ்த்து அதன் மேல் ஏறி, உத்தரத்தைக் கட்டிப் பிடித்துக் காதை அதில் அழுத்தினார். மரத்துக்குள்ளும் தறிதான் ஓடிக்கொண்டிருந்தது. நுனி நடுங்குவது நின்றது.

அவர் இறங்கியபோது சுலோச்சனா அவர் காதுக்கருகே வந்து, ஊர் வழக்கப்படி கையைக் குவித்துக் கத்தினாள். "நல்ல மனுசன்னு சொல்லுச்சுங்ணா. அக்கா. நல்ல மனுசரு, பூச்சி பயந்துக்குமேன்னுதான் அப்படிச் சொல்றாருன்னு."

அவள் நின்ற இடம் உத்தரத்திலிருந்து அவர் நின்ற இடத்தைவிட இரண்டு எட்டுத் தள்ளி இருந்தது. அவர் காதில் விழாதது அவள் காதில் விழுந்திருக்க முடியாது. அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அழுது வீங்கி, நிறைந்து, பல நாள் கழித்துச் சாப்பிட்ட முகமாக இருந்தது. அந்த முகம் அவருக்கும் ஒரு கவளம் கொடுக்கப் பார்த்தது.

"அவ சொன்ன மாதிரியே சொல்லு அம்மிணி," என்று அவரும் கத்தினார்.

சுலோச்சனா வாயைத் திறந்தாள். ஒன்றும் வராமல் மூடிக்கொண்டாள். தறிகள் ஓடின. அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

சித்திரையில் ஊர் சலித்துப்போய் ஒட்டடைக் குச்சிகளை மடப்பள்ளியிலிருந்து திருப்பி எடுத்துக்கொண்டது. ராமாத்தாள் வீட்டுக்கு வெள்ளையடித்தாள். நாச்சிமுத்து மட்டும் தினம் கடையைச் சாத்திவிட்டு வந்து, கொட்டாய்க்குள் தட்டுக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த முட்டைக்காரி திரும்பி வந்து பழைய உத்தரத்திலேயே நூல் இழுத்திருந்தாள், குஞ்சுகள் பொரிந்து ஆளுக்கொரு பக்கம் தொங்கின. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டு சத்தமாகப் பேசினார். இன்றைக்கு யார் வந்தார்கள், என்ன மாத்திரை கேட்டார்கள், சாதிக் பாய் என்ன சொல்லிச் சிரித்தார், குளத்தில் தண்ணீர் எவ்வளவு இறங்கிவிட்டது. ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார். ஒரு "ம்" வந்து போவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருப்பார். பிறகு அடுத்ததைச் சொல்வார்.

அவருக்கும் காலம் முடிந்து, அந்தக் கொட்டாயைப் பிரிக்க வருகிறவன் எவனாவது, கரண்ட் இல்லாத ஒரு நாளில் அந்த வலையை அறுத்தால், ஒரு மனுஷர் பேசிப் பேசி நிறுத்துவதைக் கேட்பான். எதிரே யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அவன் நினைப்பான்.